டீச்சர் களைத்துப்போனால் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். வயது 43. இந்த வேலைக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. மையத்தில் 22 பிள்ளைகள். பாதிப் பேரின் அம்மாக்கள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிக்கே கம்பெனி வேன் வந்துவிடும், அதனால் பாட்டிமார்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். கூட இருந்த ஆயாம்மா ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. சமையல், பாட்டு, பாடம், எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, செல்போனில் பதிவு ஏற்றுவது எல்லாம் நான் ஒருத்திதான். மேலே சிமென்ட் ஷீட். பங்குனி பிறந்துவிட்டால் உள்ளே உட்கார முடியாது. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. கணவருக்குத் தோல் ஷாப்பில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே கிடையாது. காலையில் ஒரு டீயோடு கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் சோறு.

முன்பெல்லாம் பிள்ளைகளிடம் நான் கத்தியதே இல்லை. இப்போது கத்துகிறேன். பிறகு சிரித்த முகமாக இருப்பதுபோல் நடிக்கிறேன். நாலு வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக மற்ற பிள்ளைகளைக் கடிக்கிறான். நன்றாகப் பழகியிருந்த ஒரு பெண்குழந்தை மறுபடியும் உடையிலேயே சிறுநீர் போகிறாள். போன வாரம் இன்னொரு குழந்தை மூலையில் உட்கார்ந்து பொம்மையை அடித்து, "வாய மூடு, டீச்சருக்குத் தல வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையே மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். எனக்குக் கை கால் எல்லாம் ஆடிப்போய்விட்டது. என்னால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிவிட்டார்களா? வேலையை விட்டுவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து ஆறுதல் சொன்னால் உங்களுக்கு இன்னும் நாலு ராத்திரி தூக்கம் கெடும். உங்கள் களைப்பு பிள்ளைகளைத் தொட்டிருக்கிறது. ஆனால் அவர்களிடம் நீங்கள் பார்க்கிற எல்லாமே உங்களால் வந்ததல்ல. எது உங்களுடையது, எது இல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்காமல் மொத்தப் பழியையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னும் அதிகமாகக் கத்துவீர்கள்.

அந்தப் பொம்மை விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் ஆடிப் பார்ப்பார்கள். கண்டக்டரைப் பார்த்தால் விசில் ஊதுவார்கள், நர்ஸைப் பார்த்தால் துடைப்பக் குச்சியால் ஊசி போடுவார்கள். மனதில் பதிந்த ஒன்றைத் தன் கைக்குள் கொண்டுவந்து புரிந்துகொள்ள அவர்களுக்கு விளையாட்டை விட்டால் வேறு வழி கிடையாது. உங்கள் குரலைக் கேட்டாள், அது அவளை ஏதோ செய்தது, அதை ஆடிப் பார்த்தாள். ஆடிப் பார்க்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. விளையாடாமல், அழாமல், உங்கள் பக்கத்திலும் வராமல் சுவரோரம் அடங்கிக் கிடக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். நன்றாக நடந்துகொள்கிறது என்று அப்படிப்பட்ட பிள்ளையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரி இருக்கிறது: அடித்த பிறகு பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அதை எங்கே கற்றாள் என்று நினைக்கிறீர்கள்? திட்டியதைப் பார்த்தவள், பிறகு நீங்கள் தட்டிக்கொடுத்ததையும் பார்த்திருக்கிறாள். (பிள்ளைகளை அடிப்பதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. அடிப்பதை அவள் வீட்டில்கூடப் பார்த்திருக்கலாம். ஒருவேளை உங்கள் கை நீண்டிருந்தால் அது இன்றோடு நிற்க வேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை.)

பிள்ளைகளுக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1985-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளியானது. ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு கண்ணாடி மேசைமேல் தவழவிட்டார்கள். பாதித் தூரம் போனதும் கண்ணாடிக்குக் கீழே தரை சற்றே பள்ளமாகத் தெரியும். போகலாமா வேண்டாமா என்று குழந்தைக்குத் தயக்கம். எதிர்முனையில் அம்மா நிற்கிறார். வாயால் ஒன்றும் சொல்லக்கூடாது, முகத்தால் மட்டும் காட்டலாம். அம்மா மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. புரியாத இடத்தில் என்ன செய்வது என்பதைப் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. உங்கள் மையத்தில் பகல் முழுக்க அந்தப் பெரியவர் நீங்கள்தான். அம்மா வேனில் போய்விட்டார், பாட்டி வாசலோடு திரும்பிவிட்டார்.

முகத்தை மறைத்துக்கொண்டால் போதாதா என்றால், போதாது. 2014-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளிடமிருந்து அம்மாக்களைப் பிரித்து வேறு அறைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேண்டுமென்றே முகம் சுளித்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று குழந்தைக்குத் தெரியாது. ஆனாலும் அம்மா திரும்பி வந்து மடியில் வைத்துக்கொண்ட சில நிமிடங்களிலேயே குழந்தையின் இதயத் துடிப்பும் ஏறியது. புதிதாக வந்த ஆளைப் பார்த்து ஒதுங்கியது. பதற்றம் தொடுதல் வழியாகவும் குரல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்ச் சேர்கிறது. அண்டாவை நீங்கள் இறக்கி வைக்கிற சத்தத்திலேயே இன்றைக்கு நாள் எப்படி என்று உங்கள் 22 பேருக்கும் தெரிந்துவிடும்.

இவையெல்லாம் அம்மாக்களை வைத்துச் செய்தவை. ஆசிரியர்களை வைத்துச் செய்ததும் உண்டு. 2016-இல் கனடாவில், பதினொரு வயதை ஒட்டிய பிள்ளைகள் நானூறு பேருக்கு மேல் உமிழ்நீர் எடுத்து, கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். மனதளவில் ஓய்ந்துபோனதாகச் சொன்ன ஆசிரியர்களின் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை நேரத்திலேயே அந்த அளவு கூடுதலாக இருந்தது. இதில் எது முன், எது பின் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது. ஓய்ந்த ஆசிரியரால் பிள்ளைகள் பதறுகிறார்களா, பதறுகிற பிள்ளைகளால் ஆசிரியர் ஓய்ந்துபோகிறாரா? என் அனுபவத்தில் இரண்டும்தான். பையன் கடிக்கிறான், நீங்கள் கத்துகிறீர்கள், கத்தியதும் அறை முழுக்கப் பதற்றம் ஏறுகிறது, அவன் மறுபடி கடிக்கிறான்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. களைத்த டீச்சர் எப்படி இருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பேச்சு குறைந்து கட்டளை கூடும். பாட்டு பாதியில் நிற்கும். மடியில் உட்கார வரும் பிள்ளையைக் கை தானாகவே விலக்கும். முக்கியமாக, சண்டை முளைக்கும்போதே பார்த்துப் பிரித்துவிடுகிற கண் மங்கிப்போகும். கடித்து முடித்து அழுகைச் சத்தம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பீர்கள். பதினாறு வருட அனுபவத்தில் உங்களுக்கு வந்த பெரிய திறமையே அந்தக் கண்தான். தூக்கம் இல்லாதபோது முதலில் போவதும் அதுதான்.

அடுத்து, அந்தச் சிரித்த முகம். பயிற்சிக் கூட்டங்களில் "எப்போதும் புன்னகையோடு இருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த அறிவுரைமேல் நம்பிக்கை இல்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, மனதைக் கலக்கும் படம் ஒன்றைக் காட்டி, அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருத்தியிடம் மட்டும், உணர்ச்சியை வெளியே காட்டாதே என்று ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். மறைத்தவளோடு பேசிக்கொண்டிருந்தவளின் ரத்த அழுத்தம் ஏறியது. மறைப்பது மறைக்கிறவருக்கும் பாரம், எதிரே இருப்பவருக்கும் பாரம். உதடு சிரித்து உடம்பு விறைத்திருந்தால் பிள்ளை எதை நம்பும்?

நடிப்பதை விட்டுவிட்டு, பிள்ளைக்குப் புரிகிற அளவில் உண்மையைச் சொல்லுங்கள். "டீச்சருக்கு இன்னைக்குத் தல வலிக்குது. உங்க மேல கோவம் இல்ல. யாரும் ஒண்ணும் பண்ணல. கொஞ்ச நேரம் மெதுவா பேசலாம்." இது போதும். மாமியார் கதையும் சம்பளக் கதையும் வேண்டாம், அதைத் தாங்கும் வயதல்ல. இதில் நடுவில் உள்ள இரண்டு வாக்கியங்களையும் தவறவிடவே கூடாது. பெரியவர் முகம் வாடினால் தன்னால்தான் என்று நினைக்கிற வயது இது. அம்மா அழுதால் தான் சோறு சாப்பிடாததால்தான் என்று நம்புகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். "உன்னால இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

கத்திவிட்டால் என்ன செய்வது? கத்தாமலே இருங்கள் என்று சொல்லப் போவதில்லை. ஒற்றை ஆளாக 22 பிள்ளைகளோடு அந்த ஷீட்டுக்குக் கீழே இருந்தால் நானும் கத்துவேன். எட்வர்ட் டிரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருப்பார். திடீரென்று முகத்தை அசைவில்லாமல் வைத்துக்கொள்வார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், சத்தம் போடும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு துவண்டுவிடும். இந்தச் சோதனையைப் பலர் பயமுறுத்துவதற்காகச் சொல்வார்கள். அவரே பின்னால் கண்டதை யாரும் சொல்வதில்லை. நன்றாக இருக்கிற தாயும் சேயும்கூட ஒத்த மனநிலையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் பிசகுவதும் சேர்வதும்தான். மறுபடி சேர்வது நடக்கிறவரை பிள்ளைக்குக் கேடில்லை. பிசகு முடிந்துவிடும் என்பதையும் பிள்ளை அப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

ஆகவே கத்திய பிறகு என்ன செய்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். மிட்டாய் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையின் உயரத்துக்குக் கீழே உட்காருங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "டீச்சர் சத்தமா கத்திட்டேன். பயந்துட்டியா? அப்படிக் கத்தியிருக்கக் கூடாது." இவ்வளவுதான். நீட்ட வேண்டாம், அழவும் வேண்டாம். அன்றே செய்யுங்கள், அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவதற்கு முன்னால்.

இனி அந்த இரண்டு பிள்ளைகள். உடையில் சிறுநீர் போகிற குழந்தையை மன விஷயம் என்று எடுத்தவுடன் முடிவு செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் பிள்ளைகள் போதுமான தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வருகிறது. மலச்சிக்கலாலும் இப்படி ஆகும். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. மையத்துக் கழிப்பறைக் கதவு, இருட்டு, பல்லி ஏதாவது ஒன்றுக்கு அவள் பயப்படுகிறாளா என்றும் பாருங்கள். ஆயாம்மா இருந்தவரை கூடப் போயிருப்பார், இப்போது யார் போகிறார்கள்? எல்லாம் சரியாக இருந்தும் தொடர்ந்தால் அப்போது மனதைப் பற்றிப் பேசலாம்.

கடிக்கிற பையன் விஷயம் வேறு. இரண்டு வயதில் கடிப்பது சகஜம். வாயில் வார்த்தை வராத ஆத்திரம் பல்லில் வரும். நாலு வயதில் புதிதாகத் தொடங்கினால் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது? தம்பியோ தங்கையோ பிறந்ததா, அப்பா வெளியூர் போனாரா, அம்மாவின் ஷிஃப்ட் மாறியதா? பாட்டியிடம் வாசலில் வைத்துக் கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் கேட்டால் "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றுதான் வரும். வீட்டுக்குப் போகிற நாளில் அம்மா இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். கடிக்கிற நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நீங்கள் அடுப்பருகே இருக்கிற, பிள்ளைகள் பசியோடு காத்திருக்கிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த நேரத்தில் அவனை உங்கள் கண்ணெதிரே வைத்து ஒரு வேலை கொடுங்கள், தட்டு எண்ணுவது மாதிரி.

இப்போது உங்கள் உடம்பு. கடிதத்தில் நான் அடிக்கோடிட்ட இடம் மூன்று மணி விழிப்பும், இரண்டு மணிச் சோறும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஊர்ப் பிள்ளைகளின் எடையை மாதா மாதம் குறிக்கிற நீங்கள், உங்கள் ஹீமோகுளோபினைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரத்தம் குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் சோர்வும் எரிச்சலும் வரும். நாற்பதைத் தாண்டி மாதவிலக்கு மாறத் தொடங்கும்போது தூக்கமும் கெடும். இவற்றை உங்கள் குணம் கெட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறீர்கள். ரத்தக் குறைவும் தைராய்டும் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயங்கள். காலையில் டீயோடு கிளம்புவதை நிறுத்துங்கள். நாலு இட்லியோ, பழைய சோறோ, எதுவாவது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் பிடிப்பில்லாமல், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல், எல்லாம் என் தப்புதான் என்ற எண்ணமே ஓடுகிறதா? விடியலுக்கு முன் விழித்துக்கொள்வதும் அதனோடு சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சையில் சரியாகக்கூடியது. இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இலவசமாக, எந்த நேரத்திலும், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்றதும் ஊர் என்ன சொல்லுமோ என்று தயங்குவீர்கள். சுகருக்குப் போவது மாதிரிதான் இதற்கும் போவது.

ஆயாம்மா இடம் காலியாக இருப்பதைப் பற்றி மனநல ஆலோசகர் எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நான் சொல்லக்கூடியதில் உங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் உதவுவது அதுதான். 1975-இல் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியதிலிருந்தே ஒரு மையத்துக்குப் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு: ஒருவர் அடுப்பைப் பார்த்தால் இன்னொருவர் பிள்ளைகளைப் பார்ப்பார். அந்த இன்னொருவர் இல்லாத இடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னது போதாது. எழுதிக் கொடுங்கள், தேதி போடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று எழுதினால் ஓரமாகப் போய்விடும். சமைக்கும் நேரத்தில் 22 பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, இந்தந்தத் தேதியில் பிள்ளைகளுக்குக் காயம் ஏற்பட்டது என்று எழுதுங்கள். கடித்த நேரம் குறித்த அந்த நோட்டு இதற்கும் உதவும். ஆள் வரும்வரை, பக்கத்து மையத்துக்கு உதவியாளர் இருந்தால் வாரத்தில் ஓரிரு நாளாவது இங்கே அனுப்பச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். பாட்டிமாரில் தெம்பானவர் ஒருவர் அந்தச் சமையல் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து கதை சொல்ல ஒப்புக்கொண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு ஏற்பாடு செய்யுங்கள். செல்போன் பதிவைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குத் தள்ளுங்கள்; போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டும் பெரியவரின் முகமும் பிள்ளைக்கு அசைவில்லாத முகம்தான்.

வீட்டைப் பற்றி உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை: தோல் ஷாப்பில் வேலை இல்லாத நாளில் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிடுவது மகனுடைய வேலை.

வேலையை விடுவதா என்ற இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன், நீங்களும் இப்போது முடிவு செய்யாதீர்கள். தூக்கம் இல்லாத மாதத்தில் எடுக்கிற முடிவு, தூங்கி எழுந்தபின் வேறாகத் தெரியும். ரத்தப் பரிசோதனை முடிவு, மருத்துவர் சொன்னது, எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு வந்த பதில் இவை மூன்றும் கையில் கிடைத்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்தப் பையனின் வீட்டில் என்ன தெரியவந்தது என்பதையும் சேர்த்து எழுதினால், அவனைப் பற்றித் தனியாகப் பேசலாம்.

— மனநல ஆலோசகர், வேலூர்